பண்ணையார் எண்ணெய் கொடுத்த தியானம்

சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். சந்தா வசூலிப்பது, கூட்டத்துக்கு அனுமதி வாங்குவது, சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவது இதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். பசை காய்ச்சுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு என்றாலும் அதை விட்டுவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் மடியில் தடித்த புத்தகம் இருக்கிறது, அதில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. என் புத்தகத்தில் கோடு போடாத வரியே கிடையாது. எது முக்கியம் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் சொல்லப் போவது நாற்பதுகளின் பிற்பாதியில் நடந்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் சொல்லிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் மட்டும் நம்பவில்லை. பெரம்பலூரில் கட்சி வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை மாவட்டத்தின் மூத்த தோழர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்குச் சிலை வைக்கும் யோசனை இருப்பதாகக் கேள்வி. மீன்சுருட்டிக்கு மேற்கே ஒரு ஊருக்கு என்னைப் போகச் சொன்னார். ஊரின் பெயரும் வேண்டாம், அங்கே இப்போதும் தேர்தல் நடக்கிறது.

அங்கே விவசாயத் தொழிலாளர்களுக்கு உணர்வு இல்லை, போய் உண்டாக்கிவிட்டு வா என்றார். கடைக்குப் போய்ப் புளி வாங்கி வா என்பது போல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நானும் பை எடுத்துக்கொண்டு போவது போலப் புறப்பட்டேன்.

அந்த ஊரில் நிலம் முழுவதும் ஒரே பண்ணையாருக்குச் சொந்தம். குடிசை போட்டிருந்த மண்ணும் அவருடையதுதான். கூலியாட்களின் குடிசைத் தெருவுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு மேட்டில் கருங்கல் சிலை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மூக்கு உடைந்திருந்தது, கண் மூடியிருந்தது. ஊரார் அதை மொட்டைச் சாமி என்பார்கள். மழை பெய்யாவிட்டால் கவிழ்த்துப் போடுவார்கள், பெய்தால் நிமிர்த்துவார்கள். இவ்வளவு உருட்டியும் அது முகம் சுளிக்கவில்லை. தெருவாசிகளுக்கும் அதற்கும் நல்ல ஒற்றுமை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் அந்த மேட்டில்தான் வகுப்பு எடுத்தேன். மனிதன் வாழ்கிற விதம்தான் அவன் நினைக்கிற விதத்தை உண்டாக்குகிறது என்பதை முதல் நாள் விளக்கினேன். அடிமைச் சமுதாயத்தில் தொடங்கி, ஐரோப்பா முழுவதும் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பினேன். கேட்டவர்களில் அஞ்சலை என்ற அம்மாள் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிப் போகிறவள். அவள் சொன்னால் தெருவில் கேட்பார்கள். எல்லோரும் எழுந்தபோது என்னிடம் வந்தாள்.

"பேச்சு நல்லா இருந்துச்சு தம்பி. யாரைப் பத்திப் பேசுனீங்க?" என்றாள்.

கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

நான் வந்து சில மாதங்களில் கோவிந்தசாமி என்பவர் எனக்குப் போட்டியாக முளைத்தார். அந்தத் தெருவில் பிறந்தவர்தான். சின்ன வயதில் கப்பலேறி ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். யுத்தத்தில் அங்கிருந்து நடந்தே தப்பி வந்து, எங்கெங்கோ அலைந்து கடைசியில் ஊர் சேர்ந்திருந்தார். பர்மாவில் கொஞ்ச காலம் மடத்தில் பிட்சுவாக இருந்ததாகவும் சொல்வார். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, மில் அடைத்திருந்தது, மடத்தில் சோறு போட்டார்கள் என்றார். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மற்றதெல்லாம் எரிச்சலாக இருந்தது. எதைச் சொன்னாலும் "ரங்கூன்ல பாத்தீங்கன்னா" என்று ஆரம்பிப்பார். தேநீர் நேரம் தவறினால் முகம் தொங்கிவிடும். மாதம் ஒரு முறை தானே தலையை மழித்துக்கொண்டு, அந்தப் பளபளப்பை எல்லோரும் பார்த்தாயிற்றா என்று தெருவை ஒரு சுற்று வருவார்.

மொட்டைச் சாமி புத்தர் என்று ஊருக்குச் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு மேட்டின் ஒரு பக்கம் என் வகுப்பு, மறுபக்கம் அவருடைய தியானம். என் பக்கம் தூங்கி விழுந்தவர்கள் அவர் பக்கம் போய் விழித்திருந்தார்கள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

ஒருநாள் அவர் 'நான்' என்று ஒன்று கிடையாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். உடம்பு, மூச்சு, நினைப்பு என்று பிரித்துக்கொண்டே போனால் 'நான்' என்று தனியாக ஒன்றும் மிஞ்சாது என்றார். நெல் அம்பாரத்திலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்து வைத்தால் அம்பாரம் எங்கே போயிற்று என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ, "பண்ணை வூட்டுக்குப் போச்சு" என்றார்கள். மேடே சிரித்தது. என் வகுப்பில் யாரும் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை என்பதைப் பொறாமையோடு கவனித்தேன்.

அன்றைக்கு அவரை மடக்கினேன். 'நான்' இல்லாவிட்டால் 'என்னுது' என்பதும் இல்லையே, அப்படியானால் பண்ணையாரின் நிலம் யாருடையது, இதை அவரிடம் போய்ச் சொல்ல உங்களுக்குத் தைரியம் உண்டா என்று கேட்டேன்.

"சொல்லிட்டனே. ரொம்ப நல்லா இருக்குதுன்னாரு" என்றார்.

நிஜமாகவே பண்ணையாருக்கு அது பிடித்துப் போயிருந்தது. ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்கிற செய்தி அவரை உருக்கிவிட்டது. அது தனக்குச் சொன்னது என்று அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. ஆட்களுக்கு ஆசை ஒழிந்தால் தொல்லை ஒழியும் என்று புரிந்துகொண்டார். மண்ணெண்ணெய்க்கே ஊர் அல்லாடிய காலத்தில் மொட்டைச் சாமிக்குத் தினமும் விளக்கெண்ணெய் அனுப்பினார். தியானத்துக்குப் போகிறவர்களைக் கொஞ்சம் முன்னதாகவே வேலையிலிருந்து விடச் சொன்னார். தாசில்தார் வந்தபோது இந்தத் தர்மத்தைப் பற்றிச் சொல்லிப் பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

நான் மூத்த தோழருக்குச் செய்தி அனுப்பினேன். அந்த மொட்டையை ஓரம் கட்டு என்று பதில் வந்தது. எப்படி என்று அதில் இல்லை. மேலிடத்துப் பதில்களில் அந்தப் பகுதி எப்போதும் இருக்காது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கோவிந்தசாமி சொல்லிக் கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம். வலி வந்தால் வலி வந்திருக்கிறது என்று பார், பயம் வந்தால் பயம் வந்திருக்கிறது என்று பார், அதை விரட்டாதே, அதோடு சேர்ந்து ஓடவும் செய்யாதே. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பண்ணையாருக்கு வேலைக்காரர்களைப் பதப்படுத்திக் கொடுக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

தை மாதம், அறுப்புக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது அஞ்சலையின் புருஷன் காளியனை அடித்துவிட்டார்கள். துண்டைத் தோளில் போட்டபடியே களத்துக்குள் நுழைந்துவிட்டான், அவ்வளவுதான் குற்றம். பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் அவனை வேப்பமரத்தில் கட்டிவைத்து அடித்தார். தெரு முழுவதும் தூரத்தில் நின்று பார்த்தது. அதற்கு முன்னும் பலரை அந்த மரத்தில் கட்டியிருக்கிறார்கள். மாடு முட்டினால் எப்படியோ அப்படித்தான் அதையும் எடுத்துக்கொள்வார்கள். அடி வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடிப்பது நியாயமா என்று கேட்கத் தோன்றியதில்லை. மூத்த தோழர் உணர்வு இல்லை என்று சொன்னது இதைத்தான். அந்த அளவில் அவர் சொன்னது சரி.

நான் போனபோது குடிசை வாசலில் காளியன் குப்புறப் படுத்திருந்தான். கோவிந்தசாமி பக்கத்தில் உட்கார்ந்து, வலி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நகர்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அடி வாங்கினவனை அதை மறக்கச் சொல்கிறீர்களே, நீங்கள் பண்ணையாருக்குக் கூலிக்காரரா என்று கத்தினேன்.

"மறக்கச் சொல்லலீங்க. பாக்கச் சொன்னேன்" என்றார் அவர். அவருக்கும் முகம் சிவந்திருந்தது. கோபம் வந்திருப்பதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்தாள்.

"அடி அவருக்கு வுழுந்துச்சு. எனக்கு வவுறு எரியுது. இது எங்கேருந்து வருது? ரெண்டு பேரும் படிச்சவங்கதானே, சண்டை போடாம சொல்லுங்க."

கோவிந்தசாமி தனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தார். ஒன்று இருப்பதால்தான் அடுத்தது வருகிறது, ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார் என்றார். வலி அடியிலிருந்து வந்தது. அடி காரியக்காரர் கையிலிருந்து வந்தது. கை ஓங்கியது பண்ணையார் கேட்க மாட்டார் என்ற தைரியத்தில். அங்கே நிறுத்தி, பண்ணையார் மனதில் இருக்கும் பற்றுதான் வேர் என்றார். நிறுத்தாதீர்கள் என்று நான் புகுந்தேன். அந்தப் பற்று எங்கிருந்து வந்தது? நிலம் முழுவதும் ஒருவர் கையில் இருப்பதால் வந்தது. நிலம் கைமாறாமல் மனம் எப்படி மாறும் என்றேன். மனம் மாறாமல் நிலத்தை வாங்கிக்கொண்டால் வாங்கினவன் இன்னொரு பண்ணையார் ஆவான் என்றார் அவர். எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்த தத்துவம் முழுவதும் அந்த வாசலில் மோதிக்கொண்டது. அவர் போட்ட சங்கிலியில்தான் நானும் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கடைசிக் கண்ணியில் மட்டும்தான் தகராறு.

அஞ்சலை கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "கடைசி எதுவா வேணா இருக்கட்டும். நம்ம கைக்கு எட்டுறது எது? அதை அறுத்தா போதும்" என்றாள்.

காளியன் தலையைத் தூக்காமலே, "அறுப்புதான் எட்டுது" என்றான்.

மறுநாள் தெரு முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. இனி யார் மேலும் கை வைப்பதில்லை என்று பண்ணையார் சொல்ல வேண்டும். சொல்லும் வரை வயலில் அரிவாள் படாது. வேறு கோரிக்கை இல்லை. நான் இன்னும் நாலைந்தைச் சேர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அஞ்சலை கேட்கவில்லை.

ஆனால் உணவுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கூட்டம், ஊர்வலம், வேலைநிறுத்தம் எல்லாவற்றுக்கும் தடை போட்டிருந்தார்கள். எங்கே கூடுவது? மொட்டைச் சாமி மேட்டில்தான் என்றாள் அஞ்சலை. "எசமானே போவச் சொன்ன எடந்தானே" என்றாள்.

அறுப்பு நாளன்று காலை ஆணும் பெண்ணுமாகத் தெரு மொத்தமும் மேட்டில் போய் உட்கார்ந்தது. அரிவாள்களைச் சிலைக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். போலீஸ் வந்தால் முழக்கம் போடு என்பது எனக்கு வந்திருந்த உத்தரவு. முழக்கம் தயாராகத் தொண்டையில் நின்றது.

வெயில் ஏறியதும் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் தடிகளோடு போலீஸ்காரர்களைக் கூட்டி வந்தார். காரியக்காரர் கூட வந்தார், கையில் கழி. பண்ணையார் வில்வண்டியை விட்டு இறங்கவில்லை.

"என்ன நடக்குது இங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"தியானமுங்க" என்றார் கோவிந்தசாமி, கண்ணைத் திறக்காமல்.

நான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு கணத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு பேசினேன். முழக்கம் போட்டால் அது தடையை மீறிய கூட்டம். அடுத்த நிமிஷம் தடி விழும். கைக்கெட்டும் தூரத்தில் அரிவாள்கள். இளைஞர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே கண்ணைத் திறந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எடுத்தால் போதும், துப்பாக்கி வந்துவிடும், தெருவே எரிந்துவிடும். முழக்கம் போடாவிட்டால் நான் கட்சிக்காரனா என்று மூத்த தோழர் கேட்பார். அவர் கேள்விக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக் கண்ணையும் மூடினேன். பொது வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறந்த உரை அதுதான். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

காரியக்காரருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் காளியனைக் கண்டுபிடித்துத் தோளில் ஓங்கி அடித்தார். அந்தச் சத்தத்தில் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். காளியனும் திறந்தான். எழுந்திருக்கவில்லை, கும்பிடவில்லை. காரியக்காரரின் முகத்தையே பார்த்தான். முன்னால் இருந்த ஒவ்வொருவராகத் திரும்பி அதே முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த அடிக்கு உயர்ந்த கழி மேலேயே நின்றது.

அப்போது என்ன நடந்தது என்று காளியனிடம் பிறகு கேட்டேன். "பயம் வந்துச்சு. பாத்தேன். போயிடுச்சு. அந்த ஆளு மட்டும் நின்னுக்கிட்டு இருந்தாரு" என்றான்.

காரியக்காரர் மனம் இளகியது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். யாருக்கும் இளகவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே காலம் தப்பிய மேகம் திரண்டுகொண்டிருந்தது. முற்றிய கதிர்கள் வயலில் தலை சாய்த்து நின்றன. இத்தனை பேரையும் பிடித்துப் போனால் நெல்லை யார் அறுப்பது, மேலதிகாரி நாளை நெல் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். வண்டியருகே போய், இந்தச் சாமிக்கு எண்ணெய் நீங்கள்தானே கொடுக்கிறீர்கள், தாசில்தார்கூடப் பாராட்டினாரே, சாமி கும்பிடுகிறவர்கள் மேல் எந்தச் சட்டத்தில் கை வைப்பது என்று கேட்டார். தன்னுடைய தர்மம் தனக்கே குறுக்கே நிற்கும் என்று பண்ணையாருக்குத் தோன்றியிருக்காது.

தூறல் ஒன்றிரண்டு விழ ஆரம்பித்த பிறகுதான் வண்டியை விட்டு இறங்கினார். மேடேறி வந்து சிலைக்கு முன்னால் நின்று கைகூப்பினார். "சாமி சாட்சியா சொல்றேன், இனிமே யாரு மேலயும் கை வைக்க மாட்டாங்க" என்று கல்லைப் பார்த்துச் சொன்னார்.

மக்கள் அரிவாளை எடுக்கக் குனிந்தார்கள். எனக்கே அது போதும் என்று தோன்றியது. அஞ்சலை மட்டும் எழுந்து நின்றாள்.

"அதை யாரும் அடிக்கலீங்க. எங்களைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அந்த மேட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில் எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பண்ணையாரின் கழுத்து நரம்பு புடைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி வானத்தைப் பார்த்தார். பண்ணையார் திரும்பினார். தெருவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, அதே வாக்கியத்தைச் சொன்னார். அவர் குரல் அவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய மழை இறங்குவதற்குள் பாதி வயலை அறுத்துவிட்டார்கள்.

வெற்றியைப் பங்கு போட நிறையப் பேர் வந்தார்கள். வர்க்க உணர்வின் வெற்றி என்றார் மூத்த தோழர். முழக்கம் ஏன் போடவில்லை என்பதைப் பற்றி மூச்சே விடவில்லை. தியானத்தின் வெற்றி என்றார் கோவிந்தசாமி. தன் பெருந்தன்மை என்றார் பண்ணையார். வெறுங்கையோடு போக முடியாத சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரையாவது பிடித்துப் போக வேண்டியிருந்தது. இந்த ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் யார் என்று விசாரித்தார். பண்ணையார் சொன்னதைக் கேட்டுப் பின்வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருந்த என்னைப் பக்தன் என்று விட்டுவிட்டு, மொட்டைத் தலையோடு முன்வரிசையில் இருந்த கோவிந்தசாமியைக் கைது செய்தார். செயலாளர் நான்தான் என்று நான் சொன்னேன். குருவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று போலீஸ்காரர் ஒருவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அவரைத் திருச்சி ஜெயிலில் எங்கள் கட்சியின் அரசியல் கைதிகளோடு போட்டார்கள். இங்கே சாயங்காலமானால் ஜனங்கள் மேட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள், யாராவது நடத்த வேண்டுமே. நான் நடத்தினேன். ஞானம் வரவில்லை, கால்தான் மரத்துப்போனது. ஆனால் அவர்கள் உட்கார்ந்து முடித்த பிறகு பேசினால் என் பேச்சு காதில் விழுந்தது. நானும் ஐரோப்பாவுக்குப் போகாமல் வேப்பமரத்தில் ஆரம்பிக்கப் பழகிக்கொண்டேன். கோபம் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அரிவாளைத் தூக்கியிருப்பார்கள். பொறுமை மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு வயலில் குனிந்திருப்பார்கள். இது எந்தத் தத்துவத்தில் சேரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோவிந்தசாமி விடுதலையாகி வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "தோழரே, உபரி உழைப்புன்னு ஒண்ணு இருக்குது. ஒங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும் வரை கடைசிக் கண்ணியைப் பற்றி நாங்கள் சண்டை போட்டோம், பக்கம் மாறி மாறி.

பண்ணைக்கு அடுத்த வருஷம் வேறு காரியக்காரர் வந்தார். வெளியூர்க்காரர், ஊர் நடப்பு தெரியாதவர். களத்தில் ஒரு கிழவர் மூட்டையைத் தவறவிட்டதும் பழக்க தோஷத்தில் கையை ஓங்கிவிட்டார். நான் அன்று ஊரில் இல்லை, அஞ்சலைதான் பிறகு சொன்னாள். களத்தில் இருந்த பெண்கள் கத்தவில்லையாம். ஒவ்வொருத்தியாக முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தார்களாம். ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு அதற்காகத்தான் தூக்கினேன் என்பது போலத் தன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டாராம்.